மெயில் சர்வர் ஏன் இழுக்கிறது? ‘எவ்வளவு’, ‘எத்தனை’ என்ற இரண்டு கேள்விகள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் போன் வந்தது. “சார், மெயில் சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது.” அடுத்த கால் மணி நேரத்தில் அதே புகாரோடு இன்னும் நான்கு பேர். சர்வருக்குள் போய் ‘டாப்’ கட்டளையைப் போட்டேன். லோடு ஆவரேஜ், அதாவது ஓடுவதும் காத்திருப்பதுமான நிரல்களின் சராசரி எண்ணிக்கை, 38. அந்த இயந்திரத்தில் இருப்பதே 4 கோர்தான். அப்படியென்றால் சிபியு மூச்சுத் திணறிக்கொண்டிருக்க வேண்டுமே? இல்லை. நிரல்களும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) சேர்ந்து தின்றது நூற்றுக்குப் பத்துகூட வரவில்லை. ‘டபிள்யூஏ’ என்ற எண் மட்டும் 81-இல் நின்றது.

புதிதாக சர்வர் பார்க்க வந்தவர்கள் தடுமாறும் இடம் இது. லோடு அதிகம் என்றதும் சிபியு போதவில்லை என்று முடிவு கட்டி, பெரிய இயந்திரத்துக்கு மாறிவிடுவார்கள். மாறிய பிறகும் மெயில் அதே வேகத்தில்தான் சுற்றும். லினக்ஸின் லோடு ஆவரேஜ் சிபியுவுக்காகக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்கிலிருந்து பதில் வரட்டும் என்று அசையாமல் நிற்கும் நிரல்களையும் சேர்த்தே எண்ணுகிறது, 1993-இலிருந்தே அப்படித்தான். ரேஷன் கடையில் பில் போடுகிறவர் ஒருவர், எடை போடுகிறவர் ஒருவர். பில் மெஷின் மக்கர் செய்தால் வாசலில் முப்பத்தெட்டு பேர் நிற்பார்கள். எடை போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அன்று என் சர்வரில் எடை போடுகிறவர் சிபியு.

‘டபிள்யூஏ’ என்பது அந்தக் காத்திருப்பின் அளவு. அது 81 என்றால் பார்க்க வேண்டிய இடம் டிஸ்க், அதன் மேல் உட்கார்ந்து ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல்சிஸ்டம். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில்தான் அடிக்க வேண்டும், சொல்லத் தேவையில்லை.)

அரிசி எவ்வளவு, முட்டை எத்தனை

டிஸ்க்கின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு வெவ்வேறு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நொடிக்கு எவ்வளவு டேட்டா நகரும் என்பது ஒன்று. நொடிக்கு எத்தனை வேலைகள் முடியும் என்பது இன்னொன்று. அரிசியை எவ்வளவு என்று கேட்கிறோம், முட்டையை எத்தனை என்று கேட்கிறோம் இல்லையா, அதே வித்தியாசம். டிஸ்க் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது எவ்வளவு. மெயில் சர்வர் கேட்பதோ எத்தனை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க். நொடிக்கு 150 எம்பி தொடர்ச்சியாகப் படிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 4 ஜிபி வீடியோ ஒன்றைப் படிக்க அரை நிமிடம்கூட ஆகாது. இப்போது அதே 4 ஜிபி, ஆனால் தலா 40 கேபி கொண்ட ஒரு லட்சம் மெயில்கள். ஒவ்வொரு மெயிலும் டிஸ்க்கில் ஒவ்வொரு மூலையில் கிடக்கிறது. படிக்கும் முள் சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லி நொடி. தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி எடுத்துக்கொள்ளும். தேடும் இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி சொச்சம். ஆக ஒரு தாவலுக்கு 12, 13 மில்லி நொடி. நொடிக்கு 80 தாவல், அவ்வளவுதான். ஃபைலுக்கு ஒரே ஒரு தாவல் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு லட்சத்துக்கு 1250 நொடி. இருபது நிமிடத்துக்கும் மேல். டிஸ்க் அதே டிஸ்க், 4 ஜிபி அதே 4 ஜிபி.

எஸ்எஸ்டியில் நகரும் முள் இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் சின்னச் சின்ன வாசிப்புகளை அது முடித்துவிடும். அதனால் ‘எஸ்எஸ்டி போட்டுவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி எழுதுவதில் இருக்கிறது.

ஒரு மெயில் வந்து இறங்கும்போது

வெளியிலிருந்து ஒரு மெயில் வருகிறது. வாசலில் நிற்பது, மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மெயிலை வாங்கி, தன் வரிசை டைரக்டரியில் ஒரு ஃபைலாக எழுதுகிறது. எழுதி முடித்ததும் அனுப்பியவருக்கு ‘250’ என்ற எண்ணோடு ஒரு பதில் சொல்ல வேண்டும். ‘வந்து சேர்ந்தது, இனி இது என் பொறுப்பு’ என்று அதற்குப் பொருள். பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குவது போல. கையெழுத்துப் போட்டுவிட்ட பிறகு தபால் காணாமல் போனால், தொலைத்தவர் நாம்தான். 250 வந்ததும் அனுப்பிய சர்வர் தன்னிடமிருந்த பிரதியை அழித்துவிடும். மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி முறையின் விதிகளும் இதைக் கறாராகவே சொல்கின்றன: ஏற்றுக்கொண்ட மெயிலை அற்பக் காரணத்துக்காகத் தொலைக்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு நிரல் ‘எழுது’ என்று சொன்னதும் கெர்னல் அதை உடனே டிஸ்க்குக்குக் கொண்டுபோவதில்லை. நினைவகத்தில் வைத்துக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். பிறகு சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்பும். இடையில் மின்சாரம் போனால் எழுதியது போச்சு. வேர்டில் ஒரு கடிதத்தை மறுபடி அடிப்பதென்றால் திட்டிக்கொண்டே அடித்துவிடலாம். பிறர் அனுப்பிய மெயிலை அப்படி மறுபடி உண்டாக்க முடியாது. அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் ‘எஃப்சிங்க்’ என்ற அழைப்பைச் செய்கிறது. ‘நினைவகத்தில் வைத்திருக்கிறேன் என்ற கதையெல்லாம் வேண்டாம். டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்த பிறகு வந்து சொல்’ என்று அர்த்தம். அந்தப் பதில் வரும்வரை 250 கிடையாது.

அப்புறம் மெயில், பயனர்களின் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட் மென்பொருளின் கைக்குப் போகிறது. அது பயனரின் பெட்டியில் ‘டெம்ப்’ என்ற டைரக்டரியில் ஒரு ஃபைலை உருவாக்கி எழுதுகிறது, மறுபடி டிஸ்க்கில் பதியச் சொல்கிறது, பிறகு ஃபைலை ‘நியூ’ டைரக்டரிக்கு மாற்றுகிறது. தன் அட்டவணை ஃபைல்களில் இரண்டு மூன்று இடங்களில் குறித்துக்கொள்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையில் இருந்த பிரதியை அழிக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஃபைல்சிஸ்டம் ஜர்னல் என்ற தன் குறிப்பேட்டில் மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கிறது. 5 கேபி மெயில் ஒன்றுக்கு இவ்வளவு கூத்து. பத்து பேருக்கு ஒரே மெயில் போனால் பெட்டிப் பக்கத்துக் கூத்து பத்து தடவை.

பயனர் மெயிலைத் திறந்து படித்தால் வெறும் வாசிப்புதானே என்று தோன்றும். அதுவும் இல்லை. ஃபைல் ‘நியூ’விலிருந்து ‘கர்’ டைரக்டரிக்கு நகர்கிறது. பெயரின் வாலில் ‘எஸ்’ என்ற எழுத்து ஒட்டிக்கொள்கிறது, படித்தாகிவிட்டது என்பதற்கு. பதில் போட்டால் ‘ஆர்’, நட்சத்திரம் போட்டால் ‘எஃப்’. ஒவ்வொன்றும் ஒரு பெயர் மாற்றம், ஒவ்வொன்றும் டைரக்டரியில் ஒரு திருத்தம்.

கம்பியும் கவரும்

மெயில்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்க இரண்டு பழைய வழிகள் உண்டு. முதலாவது எம்பாக்ஸ்: பெட்டிக்கு ஒரே ஒரு ஃபைல், எல்லா மெயிலும் அதில் ஒன்றன் பின் ஒன்றாக. பழைய மளிகைக் கடைகளில் பில்லையும் கடிதத்தையும் வளைந்த கம்பியில் குத்தி மாட்டியிருப்பார்களே, அப்படி. புதிதாக ஒன்றைக் குத்துவது சுலபம். நடுவில் இருக்கும் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பதையெல்லாம் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டும். 2 ஜிபி எம்பாக்ஸில் பழைய மெயில் ஒன்றை அழித்தால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் மறுபடி எழுதப்படும். போதாக்குறைக்கு, ஒருவர் கம்பியைக் கையில் வைத்திருக்கும்போது இன்னொருவர் குத்த முடியாது. பூட்டுப் போட்டுத்தான் வேலை.

இரண்டாவது மெயில்டிர். டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் 1990-களின் நடுவில் தன் கியூமெயில் மென்பொருளுக்காக வடிவமைத்தது. மெயிலுக்கு ஒரு ஃபைல், ஒவ்வொன்றும் தனிக் கவரில். நேரம், நிரலின் எண், சர்வர் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து யாரோடும் மோதாத ஒரு பெயர். பூட்டே வேண்டாம். பூட்டுகளை நம்ப முடியாத என்எஃப்எஸ் (வேறொரு இயந்திரத்தின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியே பயன்படுத்தும் முறை) வழிப் பெட்டிகளிலும் பத்திரமாக ஓட வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமே. அழிப்பது ஒரு நொடி வேலை. அருமையான யோசனை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் விலை இல்லாமல் இல்லை: கவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, எண்ணிக்கைதான் நம் எதிரி.

லட்சம் கவர் இருக்கும் அலமாரியில் ஒரு கவரைப் பெயர் சொல்லித் தேடுவது எப்படி? லினக்ஸின் பழைய ஃபைல்சிஸ்டமான ஈஎக்ஸ்டி2-இல் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இன்றைய ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் டைரக்டரிக்குள்ளேயே அட்டவணை உண்டு. ஒரு பெயரைக் கண்டுபிடிப்பது இப்போது வேகம்தான். ஆனால் ‘எல்லாக் கவரையும் வரிசையாகக் காட்டு’ என்று கேட்டால் ஈஎக்ஸ்டி4 ஒரு வேடிக்கை செய்கிறது. ஹாஷ் எண், அதாவது பெயரிலிருந்து கணக்கிட்டு அட்டவணையில் வைத்திருக்கும் எண், அதன் வரிசையில் பெயர்களைத் தருகிறது. அந்த வரிசைக்கும் டிஸ்க்கில் ஃபைல்கள் கிடக்கும் வரிசைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆகவே அந்த வரிசையிலேயே ஒவ்வொரு ஃபைலாகத் திறக்கும் பேக்கப் நிரல், முள்ளை அங்குமிங்கும் தாவவிட்டே களைக்கவைக்கிறது. மெயில்டிரை ‘டார்’ கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டினால் விடிய விடிய ஓடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அந்தத் திங்கட்கிழமை

சரி, 38-க்குத் திரும்புவோம். யார் காத்திருக்கிறார்கள், எதற்காக என்று பார்க்க மூன்று கட்டளைகள் போதும். ‘விஎம்ஸ்டாட் 1’ என்று போட்டு ‘பி’ என்ற பத்தியைப் பார்த்தேன். டிஸ்க்குக்காக நிற்பவர்களின் எண்ணிக்கை அது. முப்பதைச் சுற்றி ஆடியது. அடுத்து ‘ஐஓஸ்டாட் -எக்ஸ் 1’. அதன் முதல் அறிக்கையை நம்ப வேண்டாம், சர்வர் எழுந்த நாள் முதலான சராசரி அது. இரண்டாவதிலிருந்து பாருங்கள்.

நொடிக்கு 85 எழுத்து, அதாவது டிஸ்க்கில் எழுதும் வேலை. மொத்தமாக நொடிக்கு 1 எம்பிகூட இல்லை. ஒவ்வோர் எழுத்தும் காத்திருந்த நேரம், அதாவது ‘டபிள்யூ-அவெய்ட்’, 240 மில்லி நொடி. கண்காணிப்புத் திரையில் எம்பி கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் டிஸ்க் சும்மா கிடக்கிறது என்றே சொல்லியிருப்பேன். உண்மையில் அது குனிந்த தலை நிமிராமல் ஓடிக்கொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இந்த எண் 10, 20 மில்லி நொடிக்குள் இருந்தால் கவலை இல்லை. நூறைத் தாண்டி அங்கேயே நின்றால் பயனர்கள் போன் எடுக்கத்தான் செய்வார்கள். எஸ்எஸ்டியாக இருந்தால் ஒன்று இரண்டைத் தாண்டும்போதே நிமிர்ந்து உட்கார வேண்டும். பக்கத்தில் இருக்கும் ‘யுடில்’ சதவீதத்தை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யக்கூடிய எஸ்எஸ்டியிலும், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டிலும் அது 100 காட்டும், இன்னும் நிறைய இடம் மிச்சமிருக்கும்.

மூன்றாவது, ‘எஸ்ட்ரேஸ் -டி’. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் தோளுக்குப் பின்னால் நின்று அது செய்யும் ஒவ்வோர் அழைப்பையும் பார்ப்பது. கட்டளையோடு சேர்க்கும் கொடியின் எழுத்து பெரிய ‘டி’, ‘டைம்’ என்பதன் முதல் எழுத்து. அப்போதுதான் ஒவ்வோர் அழைப்புக்கும் எத்தனை நொடி ஆனது என்று வரியின் கடைசியில் காட்டும். போஸ்ட்ஃபிக்ஸில் வரிசை ஃபைலை எழுதும் ‘கிளீன்அப்’ நிரலின் மேல் இதைப் போட்டேன். திறப்பது, எழுதுவது எல்லாம் 0.0000 சொச்சம். எஃப்சிங்க் வரி வந்ததும் திரை ஒரு கணம் நின்றது, பிறகு 0.481 என்று முடிந்தது. அடுத்ததும் அப்படியே. ஒரு மெயிலின் ஒரே ஒரு பதிவுக்கு அரை நொடி.

எழுத்துதான் பிரச்சினை, வாசிப்பு இல்லை. அதுவும் வெள்ளிக்கிழமை மாலை நன்றாக ஓடியது, திங்கள் காலை ஓடவில்லை. மெயில் பெருகிப்போய் வரும் மந்தம் மாதக்கணக்கில் மெல்ல ஏறும். ஒரே இரவில் வராது. திடீரென்று வந்தால் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்றே பொருள். டிஸ்க்குகளை ‘ஸ்மார்ட்சிடிஎல்’ போட்டுப் பார்த்தேன், பழுதான செக்டர் எதுவும் இல்லை. கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ சுத்தம். கடைசியில் டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் கார்டை, அதாவது ரெய்டு கன்ட்ரோலரைக் கேட்டபோது பதில் கிடைத்தது. பேட்டரி செத்திருந்தது.

டிஸ்க்குக்கு என்ன பேட்டரி என்று முதன்முறை கேட்டபோது எனக்கும் விளங்கவில்லை. ரெய்டு கார்டில் கொஞ்சம் நினைவகம் இருக்கிறது. எஃப்சிங்க் வந்ததும் கார்டு அதைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு ‘பதிந்தாச்சு’ என்று உடனே சொல்லிவிடுகிறது. இது பொய் இல்லை. மின்சாரம் போனாலும் பேட்டரி அந்த நினைவகத்தைக் காப்பாற்றும், திரும்ப வந்ததும் டிஸ்க்கில் எழுதிவிடும். இந்த முறைக்கு ‘ரைட் பேக்’ என்று பெயர். பேட்டரி செத்ததும் கார்டு ஒழுங்கான பிள்ளையாக ‘ரைட் த்ரூ’வுக்கு மாறிவிடுகிறது: தட்டில் எழுதிய பிறகுதான் பதில். பிழைச் செய்தி கிடையாது, எதுவும் நிற்காது, எல்லாம் சரியாகவே நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். சில கார்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை பேட்டரியை முழுக்க இறக்கி ஏற்றிச் சோதித்துக்கொள்ளும். சோதனை நடக்கும் சில மணி நேரம் இதே மந்தம் வந்து, தானாகப் போய்விடும். காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய.

அந்த 85 எங்கிருந்து வந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. 4 டிஸ்க், ரெய்டு 5. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு நான்கு வேலை: பழைய டேட்டாவைப் படி, பழைய பாரிட்டியை (ஒரு டிஸ்க் செத்தால் டேட்டாவை மீட்க உதவும் சரிபார்ப்புக் கணக்கு) படி, இரண்டையும் புதிதாக எழுது. டிஸ்க்குக்கு நொடிக்கு 80 தாவல் என்றால் நான்கும் சேர்ந்து 320. அதை நான்கால் வகுத்தால் மறுபடி 80. நான்கு டிஸ்க் வாங்கிப் போட்டு ஒற்றை டிஸ்க்கின் எழுத்து வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், இத்தனை நாளும் பேட்டரி அதை மறைத்திருக்கிறது. எதையும் இரண்டு டிஸ்க்கில் பிரதியெடுத்து வைக்கும் ரெய்டு 10 என்றால் எழுத்துக்கு இரண்டே வேலை, நொடிக்கு 160 கிடைத்திருக்கும். மெயிலுக்கு ரெய்டு 5 போடாதீர்கள். இடம் மிச்சம் என்று ஆசைகாட்டும்.

பேட்டரி வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பேட்டரி இல்லாமலேயே ரைட் பேக்கைக் கட்டாயப்படுத்தி ஓட்டலாம், கார்டில் அதற்கு ஒரு தெரிவு உண்டு. எஃப்சிங்க்கையே நிறுத்திவைக்க டவ்காட்டிலும் ஒரு அமைப்பு இருக்கிறது. இணையத்தில் ‘மெயில் சர்வரை வேகமாக்கும் வழி’ என்று தேடினால் முதல் பக்கத்திலேயே யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். வேகம் வரும், சத்தியமாக வரும். வாங்காத தபாலுக்குக் கையெழுத்துப் போட்டால் யாருக்குத்தான் வேலை சீக்கிரம் முடியாது? நான் செய்யவில்லை. பேக்கப்பை நிறுத்தி வைத்தேன், வைரஸ் ஸ்கேனர் மெயிலைப் பிரித்துப் பார்க்கும் தற்காலிக டைரக்டரியை நினைவக டிஸ்க்குக்கு மாற்றினேன். இரண்டாவதில் ஆபத்து இல்லை; ஸ்கேனரின் பிரதி தொலைந்தாலும் மூலப் பிரதி போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் பத்திரமாக இருக்கும். வரிசையையே நினைவகத்துக்கு மாற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு மின்வெட்டு போதும்.

வேறு எங்கெல்லாம் மாட்டும்

என் கதையில் பேட்டரி. உங்கள் கதையில் வேறாக இருக்கலாம்.

‘டிஎஃப்’ கட்டளை பாதி டிஸ்க் காலி என்கிறது, ஆனால் மெயில் வந்தால் ‘இடம் இல்லை’ என்ற பிழை. ‘டிஎஃப் -ஐ’ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் என்று ஒரு பதிவுச் சீட்டு வேண்டும். ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தை உருவாக்கும்போதே, வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று வீதம், சீட்டுகளை அச்சடித்து வைத்துவிடுகிறது. 500 ஜிபிக்கு 3 கோடிச் சொச்சம். சராசரி மெயில் 16 கேபியை விடச் சின்னதாக இருந்தால் இடம் தீரும் முன் சீட்டு தீர்ந்துவிடும். பிறகு கூட்ட வேண்டுமென்றால் ஃபைல்சிஸ்டத்தையே பெரிதாக்க வேண்டும், அல்லது புதிதாக உருவாக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப அச்சடித்துக்கொள்ளும்.

ஃபைலைப் படித்தாலே ‘கடைசியாகப் படித்த நேரம்’ என்று ஒன்றைக் குறித்துவைக்கும் வழக்கம் யூனிக்ஸில் உண்டு. படிப்பதற்கும் ஓர் எழுத்து! 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் முதல் லினக்ஸ் இதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறது. மீதியையும் நிறுத்த ‘நோ-ஏடைம்’ என்று மவுன்ட் செய்யலாம், மெயில்டிருக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் 38-ஐ இதை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னிரவில் மட்டும் இழுக்கிறதா? டெபியன் வகை லினக்ஸில் மென்பொருள் ரெய்டு போட்டிருந்தால், அன்று நள்ளிரவுக்குப் பிறகு டிஸ்க்குகளை முழுக்கச் சரிபார்க்கும் வேலை தொடங்கும் வழக்கம் உண்டு. பெரிய டிஸ்க்கென்றால் காலைவரை ஓடும். ‘எம்டிஸ்டாட்’ ஃபைலைத் திறந்தால் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தெரியும்.

கிளவுடில் என்றால் இன்னொரு சமாச்சாரம். அங்கே டிஸ்க்குக்கே ‘எத்தனை’ என்ற அளவு நிர்ணயித்து விற்கிறார்கள். அமேசானின் ‘ஜிபி2’ என்ற பழைய வகை டிஸ்க்கில், ஒரு ஜிகாபைட் இடத்துக்கு நொடிக்கு 3 வேலை வீதம். 100 ஜிபி வாங்கினால் நொடிக்கு 300 வேலை. தேவைப்படும்போது 3000 வரை பாயலாம், ஆனால் சேமிப்பில் இருக்கும் கிரெடிட் தீரும்வரைதான். பேக்கப் ஓடி கிரெடிட்டைக் கரைத்துவிட்டால் காலையில் அலுவலகம் 300-இல் தவழும். சர்வருக்குள் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது, கிளவுடின் வரைபடத்தில்தான் தெரியும்.

மெயில்டிர் என்எஃப்எஸ்-இல் இருந்தால் ஒவ்வொரு ஃபைலைப் பற்றிய விசாரிப்பும் நெட்வொர்க்கில் போய்த் திரும்ப வேண்டும். போய்வர 1 மில்லி நொடி என்றாலும், 20 ஆயிரம் ஃபைலை விசாரிக்க 20 நொடி.

சில சமயம் குற்றவாளி ஃபைல்சிஸ்டமே இல்லை. யாரோ ஒருவரின் பாஸ்வேர்டு திருடு போய், அவர் பெயரில் ஸ்பாம் கொட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் போய்ச்சேராத மெயில்கள் பல்லாயிரக்கணக்கில் தேங்கி, ஒவ்வொன்றும் மறுபடி மறுபடி முயற்சிக்கப்படும். டிஸ்க்கைக் குற்றம் சொல்லும் முன் ‘போஸ்ட்கியூ -பி’ போட்டு கடைசி வரியில் எத்தனை என்று பார்ப்பது நல்ல பழக்கம். இரண்டு நிமிட வேலை, இரண்டு நாளை மிச்சப்படுத்தும்.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃப்ரீ’ கட்டளையில் காலி நினைவகம் கொஞ்சமாகக் காட்டினால் பதற வேண்டாம். படித்த ஃபைல்களையும் ஐநோட்களையும் கெர்னல் அங்கே பிடித்து வைத்திருக்கிறது, அது நமக்கு நல்லது. ரேம் கூட்டினால் வாசிப்பு வேகமாகும். எஃப்சிங்க்குக்கு ரேம் துளியும் உதவாது.

கணக்குப் பிரிவின் இன்பாக்ஸ்

பேட்டரி மாட்டியதும் டபிள்யூ-அவெய்ட் 1-க்கும் கீழே வந்தது, போன்கள் நின்றன. ஒருவரைத் தவிர. கணக்குப் பிரிவில் இருப்பவர், “எனக்கு மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கு தம்பி” என்றார். இது பேட்டரிக்கும் முந்தைய, மெல்ல ஏறிய நோய். போய்ப் பார்த்தால் எட்டு வருட மெயிலும் இன்பாக்ஸிலேயே. பில் எதையும் அழிக்கக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவர் பாவம் அதைக் கடைப்பிடித்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன்: 1 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். (இவ்வளவு பெரிய டைரக்டரியில் வெறும் ‘எல்எஸ்’ போடாதீர்கள், பெயர்களை வரிசைப்படுத்த முயன்று உட்கார்ந்துவிடும். ‘எல்எஸ் -எஃப்’ வரிசைப்படுத்தாமல் கொட்டும். எஃப் சின்ன எழுத்து.) அதற்கு மேல் அவருடைய மெயில் மென்பொருள் எதைத் தேடினாலும் மெயிலின் உள்ளடக்கத்தில் தேடும்படி அமைந்திருந்தது. முழு உரைத் தேடலுக்கு அட்டவணை ஏதும் சர்வரில் இல்லாததால், ஒரு விலைப்பட்டியல் எண்ணைத் தேடினால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, பழையதையெல்லாம் அதில் நகர்த்தினோம். இன்பாக்ஸில் மிஞ்சியது 8 ஆயிரம். டவ்காட்டின் அட்டவணை ஃபைல்களை ஒரு சின்ன எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். மெயில்கள் பழைய டிஸ்க்கிலேயே இருக்கலாம், அட்டவணையை மட்டும் தனியிடத்தில் வைக்க அமைப்பில் ஒரு வரி போதும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. பல மெயிலை ஒரே ஃபைலில் சேர்த்துவைக்கும் டவ்காட்டின் எம்டிபாக்ஸ் முறைக்கு மாறினால் எண்ணிக்கையே குறையும். ஆனால் அங்கே அட்டவணை கெட்டால் மெயிலின் நிலையெல்லாம் தொலையும், மெயில்டிர் போல வெறும் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாது. அன்றைக்கு அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை.

எல்லாம் முடிந்தும் அவருடைய இன்பாக்ஸ் எதிர்பார்த்த அளவு பறக்கவில்லை. ‘எல்எஸ் -எல்டி கர்’ என்று போட்டு, உள்ளே இருப்பவற்றை விட்டுவிட்டு, டைரக்டரியின் அளவை மட்டும் பார்த்தேன். கிட்டத்தட்ட 20 எம்பி. ஃபைல்கள் போய்விட்டன, பெயர்ப்பட்டியல் மட்டும் வெற்றுப் பக்கங்களோடு அப்படியே இருக்கிறது. ஈஎக்ஸ்டி4-இல் ஊதிய டைரக்டரி தானாகச் சுருங்காது. ஃபைல்சிஸ்டத்தை இறக்கி ‘ஈ2எஃப்எஸ்சிகே -டி’ ஓட்டினால் சுருங்கும், கொடி இங்கும் பெரிய எழுத்துதான், ஆனால் ‘டைரக்டரி’யின் டி. ஆனால் ஒருவருக்காக எல்லோருடைய மெயிலையும் நிறுத்த மனமில்லை. ஞாயிறு இரவு அவருடைய பெட்டியை மட்டும் மூடி, ‘கர்’ டைரக்டரியைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்தேன். அதே உரிமையாளர், அதே அனுமதிகளோடு புதிய ‘கர்’ ஒன்றை உருவாக்கி, 8 ஆயிரம் ஃபைலையும் அதற்குள் நகர்த்தினேன். பெயர்கள் மாறாததால் டவ்காட் எதையும் புதிய மெயில் என்று நினைக்கவில்லை. மறுபடி ‘எல்எஸ் -எல்டி கர்’. 1 எம்பிக்கும் கொஞ்சம் குறைவு.